யார் பெட்டி முதல் பெட்டி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா சொல்வாள். அவள் சொன்னால் கூட நாலு சேர்த்துத்தான் சொல்வாள். அந்தக் கோபத்தோடுதான் அந்த ஆவணியில் சென்னையிலிருந்து பஸ் ஏறி, கடலாடிக்குத் தெற்கே இருக்கும் அக்கா வீட்டில் வந்து இறங்கினேன்.

கோபம் மச்சான் மேல். அக்காவைக் கட்டியவர், நல்ல மனுஷர்தான். ஆனால் போனில் சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொன்னார்: "இந்த வருசமும் மொளகா முங்குச்சுன்னா காட்டைச் சோலார்க்காரவுகளுக்குக் குடுத்துருவோம் கொழுந்தியா. பேசியாச்சு. தை பொறந்ததும் கையெழுத்து."

அந்தக் காடு, எங்கள் பக்கத்தில் நிலத்தை அப்படித்தான் சொல்வோம், நாலு ஏக்கர். அக்கா கல்யாணமாகி வந்தபோது அது முழுக்கச் சீமைக்கருவேலம். ஆளோடு ஆளாக நின்று வேரைத் தோண்டியவள் அவள். உள்ளங்கையில் முள் ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அங்கே உருண்டையான முண்டு மிளகாய் போட்டு, ஊரே கேட்டு வாங்கும்படி விளைய வைத்தாள். அப்புறம் தொடர்ந்து இரண்டு கார்த்திகையிலும் செடி முங்கிப் போயிற்று. மிளகாய்ச் செடிக்குக் காலடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், வேர் அழுகிவிடும். மழையால் முங்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மேலே இருந்து வந்த தண்ணீரால் முங்கியது.

மேலே ஒரு பெரிய கண்மாய். அது நிறைந்தால் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் ஓடையில் விழும். ஓடை மூன்று ஊர்களைத் தாண்டி வரும். மேலூர், நடுவூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரைப் போட்டால் நான் ஊருக்குள் போக முடியாது. கீழூரைத் தாண்டியதும் அக்காவின் காடு. அங்கே ஓடையை மறித்து ஒரு இரும்பு ஷட்டர். அதைத் திறந்துவிட்டால் வெள்ளம் காட்டைத் தொடாமல் நேரே கடல் பக்கம் போய்விடும். திறந்தே வைத்துவிட்டால் என்ன என்று நானும் கேட்டேன். "அப்ப மாசி வரைக்கும் செடிக்கு ஒன் கண்ணீரையா ஊத்த?" என்றாள் அக்கா. ஓடையில் தேங்கும் தண்ணீர்தான் பாசனமே. ஆகவே மூடித்தான் வைக்க வேண்டும். வெள்ளம் வந்து முட்டிய பிறகோ பத்து ஆள் சேர்ந்தாலும் ஷட்டரைத் திருக முடியாது. கலுங்கில் விழுந்த தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் சேதி வந்தால் போதும்.

"போன் போட்டுச் சொல்லலாமே" என்பீர்கள். மழை என்றால் கரண்டு போகும், கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் டவர் போகும். கண்மாய் நிறையும் அளவுக்கு மழை பெய்கிற அன்றைக்குப் போன் வேலை செய்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கேதான் நான் வருகிறேன். என் வேலை என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்பார்கள். டவரே இல்லாமல் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேச வேண்டும் என்றால், பேச்சுக்கு முன்னால் இரண்டுக்கும் நேரம் ஒத்துப்போக வேண்டும். பேட்டரி தீராமல் இருக்க அவை பெரும்பாலும் தூங்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் விழிக்கும். எல்லாம் ஒரே கணத்தில் விழித்தால்தான் ஒன்று சொன்னது இன்னொன்றுக்குக் கேட்கும். டவர் இருந்தால் அது நேரம் சொல்லிவிடும். டவர் இல்லாத இடத்தில் யார் நேரம் சொல்வது, யார் கேட்டு நடப்பது? பத்து வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த ஒரு கேள்விதான். அக்கா காடு போகிறது என்றதும், இதை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கிழித்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டு, நாலு பெட்டி செய்தேன். தண்ணீர்க் குழாயை வெட்டி மூடி போட்ட வெள்ளைப் பெட்டிகள். தலையில் ஒரு சின்ன ஏரியல், பக்கத்தில் கையகலச் சோலார் தகடு. அந்தத் தகட்டைப் பார்த்து அக்கா முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பப்பா! மேலூர் எல்லையில் இருக்கும் கலுங்கில் ஒன்று, நடுவூரில் ஒன்று, கீழூரில் ஒன்று, ஷட்டரில் ஒன்று. கலுங்கில் தண்ணீர் ஏறினால் அந்தப் பெட்டி நடுவூருக்குச் சொல்லும், அது கீழூருக்குச் சொல்லும், அது ஷட்டருக்குச் சொல்லும், அங்கே சைரன் அடிக்கும். வானத்துச் செயற்கைக்கோளிடம் மணி கேட்கும் சில்லு ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதைக் கலுங்குப் பெட்டியில் வைத்து அதற்கு ஒன்று என்று எண் கொடுத்தேன். நடுவூருக்கு இரண்டு, கீழூருக்கு மூன்று, ஷட்டருக்கு நாலு. தன்னைவிடச் சின்ன எண் சொல்லும் நேரத்தைக் கேட்டு ஒவ்வொரு பெட்டியும் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். எண்ணை மாற்ற மூடிக்குள் ஒரு சின்னத் திருகும் வைத்தேன். அந்தத் திருகை வைத்த கையை ஒடிக்க வேண்டும்.

ஊருக்குள் பெட்டி மாட்ட அனுமதி வேண்டுமே. கண்மாய்க் கரையில் மூன்று ஊருக்கும் பொதுவான அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து விளக்கினேன். நேர ஒத்திசைவு என்றெல்லாம் பேசினால் யாருக்கு விளங்கும்? "கோயில் வீட்டுல குலவை போடுறோம்ல? ஒருத்தி எடுத்துக் குடுப்பா. அடுத்து நிக்கிறவ அதைக் கேட்டு எடுப்பா. கடைசியில நிக்கிறவளுக்கு மொதல்ல எடுத்தவ சத்தம் கேக்காது, பக்கத்துல இருக்கவ சத்தந்தான் கேக்கும். ஆனாலும் எல்லாம் ஒண்ணா வந்துரும். அதேதான்" என்றேன். பெண்கள் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை.

நடுவூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நெட்டையான ஆள், துண்டை எடுத்து ஒரு உதறு உதறித்தான் வாயைத் திறப்பார். "நல்லா வெளங்குச்சுத்தா. அப்ப எடுத்துக் குடுக்குறது யாரு?"

"மேலூரு கலுங்குப் பெட்டிங்க."

"நாங்க?"

"நீங்க ரெண்டாவது."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பெட்டி மாட்டிய முதல் நாள் சாயங்காலம் நான் கலுங்கில் நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அஞ்சு நிமிஷத்தில் அக்கா போனில் கத்தினாள்: "ஏடி, அடிக்குதுடி! காது கிழியுதுடி!" மறுநாளும் அடித்தது, அதற்கடுத்த நாளும் அடித்தது. நாலாம் நாள் இழுத்துப் பிடித்து இருபது நிமிஷம் கழித்து அடித்தது. அஞ்சாம் நாள் அடிக்கவே இல்லை.

"என்னடி, அடிக்கல?" என்றாள் அக்கா. குரலே சரியில்லை.

அடுத்த ஒரு வாரம் நான் பைத்தியம்தான். கருவேலங்காடு அடர்ந்து குறுக்கே நிற்கிறதோ என்று பார்த்தேன். வெயிலில் பெட்டிக்குள் கடிகாரம் ஓடிப்போகிறதோ என்று பார்த்தேன். எழுதிய நிரலை வரி வரியாகப் படித்தேன். ஆபீசுக்குப் போன் செய்து, பாவம், ஒரு சின்னப் பொண்ணைக் காரணமில்லாமல் திட்டினேன். ஒரு நாள் சாப்பிடும்போது மச்சான், "பரவால்ல கொழுந்தியா, நீ பாடுபட்டுப் பாத்துட்ட" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா எழுந்து போய்க் கை கழுவினாள். அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

புரட்டாசியும் பாதி போய்விட்டது. கடைசியில் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். நடுவூரில் பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றினேன். திருகு ஒன்றில் நின்றது. சிரிப்புப் போயிற்று. வண்டியைக் கீழூருக்கு விரட்டினேன். அங்கேயும் ஒன்று!

எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஒன்று, நீயும் ஒன்று என்றால் எந்தப் பெட்டி எந்தப் பெட்டியைக் கேட்கும்? ஒவ்வொன்றும் தன் கடிகாரம்தான் சரி என்று ஓடியிருக்கிறது. முதலில் ஒத்திருந்ததால் மூன்று நாள் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒன்று பேசும்போது மற்றது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நேரே நடுவூர்ப் பெரியவர் வீட்டு வாசலுக்குப் போனேன். "பெட்டியைத் தொறந்தது யாரு?"

"நாந்தேன் திருகுனேன்" என்றார், ஒளிக்காமல். "எங்க ஊரு எதுல ரெண்டாவது? சொல்லு பாப்பம். அய்யனாரு கோயில்ல மொதத் திருநீறு யாருக்குங்கிறதுல எத்தனை வருசம் தேரு நின்னு கெடந்துச்சு தெரியுமா ஒனக்கு? நீ பாட்டுக்கு வந்து மேலூரு ஒண்ணு, நீங்க ரெண்டுங்கிற."

கீழூர்க்காரர்களைக் கேட்டால், "அவுக ஒண்ணு வச்சா நாங்க மட்டும் மூணா? நாங்க என்ன எளப்பமா?" என்கிறார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நடுவூர் வாசலில் நின்று, "ஒங்க ஊருக் கௌரவத்துக்கு எங்கக்கா காடா பலி?" என்று கத்தினேன். தெருவே கூடியது. "பொம்பளைப் புள்ள இப்புடியா பேசுறது? ஒம் பெட்டியை நீயே அவுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்கள். அவிழ்த்துக்கொண்டு வந்து அக்கா முன்னால் போட்டு, உட்கார்ந்து அழுதேன். கோபக்காரிகள் அழுதால் லேசில் நிற்காது.

அக்கா சேலையை மாற்றிக்கொண்டாள். "எந்திரி. கூட்டம் கூட்டச் சொல்லு" என்றாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள் அவள்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கோயில், அதே மூன்று ஊர். நான் முதலில் எழுந்து, பேசியது தப்பு, மன்னிச்சுக்குங்க என்றேன். பாதி மனசோடுதான் சொன்னேன். அது அவர்களுக்கும் தெரியும். பிறகு அக்கா எழுந்தாள்.

"திருநீத்துச் சண்டை எப்புடித் தீந்துச்சு? கடைசியில மொதத் திருநீறை யாருக்குக் குடுத்தீக?"

மேலூர்க்காரர் ஒருவர் இழுத்தார்: "யாருக்கும் குடுக்கல. அய்யனாரு காலடியிலயே வச்சுட்டம். பொறவு மூணு ஊரும் சேந்து கையை நீட்டுறோம்."

"அதையே இதுக்கும் செய்யுங்க. ஒண்ணாம் நம்பரு அய்யனாருக்கு." அவ்வளவுதான் சொல்ல நினைத்திருப்பாள். ஆனால் உட்காரவில்லை. "முள்ளு வெட்டி நான் உண்டாக்குன காடுய்யா அது. இந்த வருசம் முங்குனா எனக்குன்னு ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

நடுவூர்ப் பெரியவர் துண்டை உதறினார். உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "அய்யனாருக்கு ஒண்ணு, சரி. அடுத்தது யாரு?"

அந்த ஒரு வாரத்தில் எனக்கும் புத்தி வந்திருந்தது. ஆபீசில் நாங்கள் எந்தக் கருவிக்கும் நிரந்தரமாக எண் கொடுப்பதில்லை. யாருக்கு யார் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று பார்த்து அவையே அவ்வப்போது முடிவு செய்துகொள்ளும். அவசரத்தில் சோம்பல்பட்டு ஒரு திருகை வைத்தவள் நான். தப்பு ஊரில் பாதி என்றால் என்னிடம் பாதி.

"இனிமே எந்த ஊருக்கும் நம்பரே கெடையாதுங்க. திருகைப் பிடுங்கிர்றேன். யாருக்கு அய்யனாரு சத்தம் கேக்குதோ அவுக அடுத்தவுகளுக்குச் சொல்லணும். அம்புட்டுத்தான்."

"அய்யனாரு பெட்டிக்கு ஏதும் ஆயிருச்சுன்னா?"

"சத்தம் நின்னா எல்லாப் பெட்டியும் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பொறவு எந்தப் பெட்டி முந்துதோ அது எடுத்துக் குடுக்கும். தலையில பச்சை லைட்டு எரியும்."

"யாரு வேணும்னாலுமா?"

"யாரு வேணும்னாலும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அன்று சாயங்காலமே அவரே ஏணி கொண்டுவந்து பெட்டியை மாட்டினார்.

வானத்து மணி கேட்கும் சில்லைத் தனியாக ஒரு அஞ்சாம் பெட்டியில் போட்டு, கோயில் வேப்ப மரத்தடியில் ஒரு கம்பத்தில் வைத்தேன். ஐப்பசி முழுக்கத் தினமும் ஒரு வாளித் தண்ணீர். தினமும் சைரன் அடித்தது. பக்கத்துக் காட்டு ஆடுகள்கூடப் பழகிப்போய்த் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது கரண்டு இல்லை. எட்டு மணிக்குப் போனில் டவரும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஷட்டர் மேடையில் நின்றோம். மிளகாய் முழங்கால் உயரம் வந்து பூ வைத்திருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷட்டர்ப் பெட்டியில் ஒரு சின்னத் திரை உண்டு. யார் எடுத்துக் கொடுக்கிறார்களோ அவர்களின் முதல் எழுத்து அதில் நிற்கும். எப்போதும் "அ" என்று நிற்கும். ஒன்பதரை இருக்கும், குனிந்து பார்க்கிறேன், "அ" இல்லை! வெறும் கோடு. கோயில் வேப்ப மரத்தில் ஒரு கிளை முறிந்து கம்பத்தோடு பெட்டியைச் சாய்த்துவிட்டது என்பது மறுநாள்தான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கோடுதான்.

"என்னடி?" என்றாள் அக்கா.

"பொறு."

அஞ்சு நிமிஷம் காத்திருக்கும்படி எழுதியவள் நானே. ஏன் அஞ்சு வைத்தேன், இரண்டு வைத்திருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன். வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. மச்சான் முதல் தடவையாக, "சும்மா இரு கொழுந்தியா, வரும்" என்றார். சொல்லிவிட்டு அவரும் குனிந்து திரையைப் பார்த்தார்.

கோடு போய், "ந" வந்தது.

"நடுவூரு! நடுவூரு எடுத்துருச்சு!" என்று நான் குதித்த குதியில் மேடையிலிருந்து விழப் போனேன், அக்கா பிடித்தாள். அதற்கப்புறம் கால் மணி நேரம் ஆகியிருக்காது, சைரன் அடித்தது. மழைச் சத்தத்துக்கு மேலே கணீரென்று அடித்தது. எங்கேயோ ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் கலுங்கில் தண்ணீர் விழுகிறது. அதை எங்கள் காட்டுக்கு டவரும் சொல்லவில்லை, ஆளும் சொல்லவில்லை. மூன்று ஊர்ப் பெட்டிகள் ஒன்றைக் கேட்டு ஒன்று சொல்லியிருக்கின்றன.

"நின்னு பாக்குறீக, திருகுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில்தான் நினைவு வந்தது. மூவரும் சக்கரத்தில் தொங்கினோம். துருப்பிடித்த ஷட்டர் முக்கி முனகி ஒரு சாண் ஏறியது, இரண்டு சாண் ஏறியது, முழுசாக ஏறிவிட்டது. தேங்கிய தண்ணீர் வடிந்து ஓடையின் அடிமணல் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நாங்கள் சும்மாவே உட்கார்ந்திருந்தோம். வெள்ளத்துக்காகக் காத்திருந்து சும்மா உட்கார்ந்திருந்த குடும்பம் எங்கள் பக்கத்தில் அதற்கு முன் இருந்திருக்காது.

ஒரு மணி வாக்கில் வெள்ளம் வந்தது. செம்மண் நிறத்தில், முள்ளும் குச்சியும் செருப்புமாக உருட்டிக்கொண்டு வந்தது. ஷட்டருக்கு அடியில் புகுந்து, இரைந்து, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போனது. காட்டின் தென்கோடியில் இரண்டு வரிசை மட்டும் நனைந்தது. மச்சான் வரப்பில் இறங்கி நடந்து போனார். ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார், இன்னொன்றைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது முகத்தைச் சாக்கால் துடைத்துக்கொண்டார். மழைதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அக்கா என் கன்னத்தைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். வலியில் உயிர் போனது. அப்படிச் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மறுநாள் காலையில் நடுவூர்ப் பெரியவர் சேற்றில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, "நேத்து எங்க பெட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுச்சே, பாத்தியளா?" என்றார்.

"ஆமாங்க. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க" என்றேன். "நீங்க எடுக்கலேன்னா இந்தக் காடு இல்ல."

அவர் துண்டை உதறவே இல்லை. வரப்பில் நின்று மிளகாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது ஒண்ணோ ரெண்டோ, செடி நிக்கிதுல்ல" என்றார். பிறகு, விட மனசில்லாமல், "ஆனா ஒண்ணுதான?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க."

அன்று சாயங்காலம் டவர் வந்தது. வந்த முதல் அழைப்பு மச்சான் போனுக்கு, சோலார் தரகரிடமிருந்து. மச்சான் பெயரைப் பார்த்தார், போனை அக்கா பக்கம் நீட்டினார். அக்கா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"மழைக்கு மொளகா என்னாச்சுன்னு கேக்கத்தான் அடிச்சேன்த்தா" என்றது அந்தக் குரல்.

"மொளகா நிக்கிது" என்றாள் அக்கா. "காடு எங்கிட்ட இருக்கு. போனை வைங்க."